மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு கைவீக்கமும் தோள் இறுக்கமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். திருகோணமலையிலிருந்து மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ மட்டக்களப்புக்கோ போய்ச் சிகிச்சையை முடித்துக்கொண்டு வருபவர்கள், மருந்துத் துண்டையும் அடுத்த கிளினிக் திகதியையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கையைப் பற்றி அவர்களிடம் விளக்கமாகப் பேசியவர்கள் குறைவு. ஊரில் பேசுகிறவர்களோ ஒரே குரலில் சொல்கிறார்கள்: "அந்தக் கையால் ஒரு வேலையும் செய்யாதே." இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு இந்த அறிவுரையோடுதான் பெரிய சண்டை. வீக்கத்துக்குப் பயந்து கையைத் தூக்காமல் விட்டு, தோளையும் இழந்து, பிறகு வீக்கத்தையும் வாங்கிக்கொள்கிறவர்கள் அதிகம்.

கீழே உள்ள பதில்கள் பொதுவானவை. உங்களைச் சோதித்த வைத்தியர் உங்கள் உடல்நிலைக்கென்று வேறு எதையாவது சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள்.

சத்திரசிகிச்சை நடந்தது மார்பில். கை ஏன் வீங்குகிறது?

கைக்குள் வந்த இரத்தம் நாளங்கள் வழியாகத் திரும்பிப் போகிறது. திசுக்களில் கசிந்து தேங்கும் நீரும் புரதமும் நிணநீராகி, தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாய்களில் ஏறி, கமக்கட்டில் இருக்கும் நிணநீர்க்கணுக்களைக் கடந்து, கழுத்தடியில் மீண்டும் இரத்தத்தோடு சேர்கிறது. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் எட்டுகிற இடமும் அதே கமக்கட்டுக் கணுக்கள்தான். ஆகவே சத்திரசிகிச்சையின்போது அவற்றில் சிலவற்றையோ பலவற்றையோ எடுக்கிறார்கள். மிஞ்சியவற்றைக் கதிர்வீச்சு தடிக்கச் செய்கிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலில் வடிச்சல் வாய்க்காலை மூடிவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் கையிலும் நடக்கிறது: வருகிற தண்ணீர் குறைவதில்லை, போகிற வழிதான் குறுகுகிறது. பலருடைய உடல் பக்கவழிகளைத் தானே திறந்துகொள்ளும். திறக்காதவர்களுக்கு வீக்கம் வருகிறது.

எல்லோருக்கும் வருமா?

வராது. கமக்கட்டுக் கணுக்களை முழுமையாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. புற்றுநோய் முதலில் எட்டக்கூடிய ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து, மற்றவற்றை விட்டுவைத்தவர்களில் இருபதில் ஒருவர் அளவில்தான். கமக்கட்டுப் பகுதிக்கும் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், உடல் எடை அதிகமாக இருந்தால், கையில் கிருமித்தொற்று வந்திருந்தால் வாய்ப்புக் கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரும். பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு.

உங்களுக்கு எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன என்பது டயக்னோசிஸ் கார்டிலோ கணுக்களின் பரிசோதனை அறிக்கையிலோ எழுதப்பட்டிருக்கும். அந்த ஓர் எண்ணைத் தெரிந்து வைத்திருங்கள்.

தையல் வெட்டும்வரை கையை அசைக்கக் கூடாது என்கிறார்கள். சரியா?

சரியில்லை. சத்திரசிகிச்சைக்கு மறுநாளே விரல்களை மடக்கி விரிக்கலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம், தோள்களைக் காதுப்பக்கம் உயர்த்தி இறக்கலாம், வயிறு எழும்ப ஆழமாக மூச்சு விடலாம். பல் துலக்குவது, சாப்பிடுவது, முகம் கழுவுவது எல்லாவற்றையும் அந்தக் கையாலேயே செய்யுங்கள். வடிகுழாய் எடுக்கும்வரை, அல்லது முதல் ஒரு வாரம், முழங்கை தோள் மட்டத்துக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்வது பொதுவான வழக்கம். அதற்கு முன் முழு உயரத்துக்கு இழுத்தால் காயத்துக்குள் நீர் சுரப்பது கூடி, வடிகுழாயைக் கூடுதல் நாட்கள் வைத்திருக்க நேரலாம். குழாய் போனபின் அந்த எல்லையும் போய்விட்டது.

பிரித்தானியாவில் தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களிடம் நடத்திய 'புரோஸ்பர்' ஆய்வு 2021இல் வெளியானது. சத்திரசிகிச்சை முடிந்து 7 முதல் 10 நாட்களுக்குள் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் பயிற்சி தொடங்கியவர்களின் கை, ஓராண்டு முடிவில் மற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. அவர்களுக்குக் கைவீக்கம் கூடவுமில்லை. "அசைத்தால் வீங்கும்" என்று சொல்லும் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

வயிற்றிலோ முதுகிலோ தசையை எடுத்து மார்பை மீளமைத்தவர்கள் மட்டும், எதை எப்போது தொடங்கலாம் என்று தங்கள் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கதிர்வீச்சுக்குத் திகதி தந்துவிட்டார்கள். கை தலைக்கு மேல் போகவில்லை. என்ன செய்வது?

எனக்கு மிகவும் பதற்றம் தரும் கேள்வி இதுதான். கதிர்வீச்சு மேசையில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் வைத்த நிலையில், பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். அந்த நிலையில் வைத்துத்தான் முதலில் ஸ்கேன் எடுத்துக் கதிர் செல்லும் பாதையை வரைகிறார்கள். கை போகாவிட்டால் திட்டமிடுவது தள்ளிப்போகும். திருகோணமலையிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புப் பக்கம் போய், "கை தூக்கப் பழகிவிட்டு வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பி வருவது எவ்வளவு பெரிய அலைச்சல்! ஆகவே திகதி வருவதற்கு முன்பே தொடங்குங்கள்.

முதலில் படுக்கையில். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். தும்புத்தடியின் கம்பை இரண்டு கையாலும் தோள் அகலத்துக்குப் பிடியுங்கள். நல்ல கை வேலை செய்யட்டும், மற்றக் கை அதோடு சேர்ந்து போகட்டும். முழங்கை மடங்காமல் கம்பைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். இழுபடும் இடத்தில் நிறுத்தி, நான்கைந்து மூச்சு விட்டு, மெதுவாகத் திரும்புங்கள். முதுகு பாயிலிருந்து எழும்பினால் தோள் அசையவில்லை, முதுகுதான் வளைகிறது என்று அர்த்தம்.

பிறகு சுவரில். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் ஒவ்வொன்றாக வைத்து மேலே ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடுத்து பக்கவாட்டாக நின்று அதையே செய்யுங்கள். பக்கவாட்டுத்தான் கடினம், பலரும் கைவிடுவதும் அதைத்தான். ஒரு கள்ளத்தனம் எல்லோரிடமும் உண்டு: கை ஏறாதபோது தோளைக் காதுக்கு உயர்த்தி, உடம்பைச் சாய்த்து, கோட்டை மட்டும் உயர்த்திவிடுவார்கள். கண்ணாடி உள்ள அலுமாரிக்கு அருகில் நின்று செய்தால் அந்தக் கள்ளம் தெரிந்துவிடும்.

ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இழுபடும் உணர்வு வரலாம், வர வேண்டும். வெட்டுவது போன்ற வலியோ அடுத்த நாள்வரை நீடிக்கும் உளைவோ வந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வலிமாத்திரை தந்திருந்தால் பயிற்சிக்கு அரைமணி நேரத்துக்கு முன் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

கதிர்வீச்சு நடக்கும் வாரங்களிலும் இதைத் தொடருங்கள். கதிர் பட்ட தசையும் தோலும் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்காவது இந்தப் பயிற்சி பல் துலக்குவதோடு சேர்ந்த ஒரு வேலை.

கமக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் நூல் இழுத்துக் கட்டியது போல் இருக்கிறது. நரம்பு இழுத்துவிட்டதா?

நரம்பல்ல, பயப்பட வேண்டாம். கமக்கட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின், பெரும்பாலும் சில வாரங்களுக்குள், அறுபட்ட நிணநீர்க்குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும் தடித்து நாண் போல ஆவதுண்டு. சிலருக்கு ஒன்று, சிலருக்கு மூன்று நான்கு. மணிக்கட்டு வரை நீளவும் கூடும். கையைப் பக்கவாட்டில் விரித்து முழங்கையை நீட்டினால் தோலுக்கடியில் எழும்பி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாகவே கரைகிறது. கையை மடக்கியபடியே வைத்துக் காத்திருந்தால் அதற்குள் தோள் இறுகிவிடும். கையை மெதுவாக விரித்து, முழங்கையை நீட்டி, விரல்களைப் பின்னோக்கி மடக்கி நீட்சி கொடுங்கள். இயன்மருத்துவர் அந்த நாணின் மேலுள்ள தோலை இரு பக்கமாக மென்மையாக இழுத்துத் தளர்த்துவார். சில வேளை நாண் 'டக்' என்று அறுந்து, அந்த நிமிடமே கை உயரும். அப்படி அறுவதால் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டில் யாரும் வேண்டுமென்றே இழுத்து அறுக்க முயலக் கூடாது.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம். தோள் இன்னும் இறுக்கம், இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை.

காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நெஞ்சுத் தசை சுருங்கி, தோள் முன்னால் உருண்டு, கூன் போட்டு நடக்கிற பழக்கம் வந்திருக்கலாம். மார்பை மறைக்கத் துப்பட்டாவை இழுத்துப் பிடித்தபடி நடப்பவர்களுக்கு இது எளிதில் வரும். தோள்மூட்டின் உறையே சுருங்கி 'உறைந்த தோள்' ஆகியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது அதிகம், நம் ஊரில் நீரிழிவுக்குப் பஞ்சமில்லை. கையை முன்னால் நீட்டிச் சுவரைத் தள்ளும்போது முதுகில் தோள்பட்டை எலும்பு சிறகு போல வெளியே துருத்தினால், அங்குள்ள நரம்பொன்று பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கான பயிற்சி வேறு.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹோர்மோன் சிகிச்சைக் குளிசை எடுப்பவர்களுக்குக் காலையில் இரண்டு கை விரல்களும் முழங்கால்களும் சேர்ந்தே விறைத்திருப்பது வழக்கம். அது மருந்தின் பக்கவிளைவு. அதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். ஒழுங்கான நடையும் பயிற்சியும் அந்த வலியைக் குறைக்கின்றன.

மேல்கையின் உட்புறம் மரத்துப்போயிருப்பது தோள் பிரச்சினை அல்ல. கமக்கட்டைக் கடந்து போகும் தோல் நரம்பு வெட்டுப்பட்டதால் வருவது. மெதுவாகக் குறையும். சிலருக்கு முழுதாகப் போகாது.

வீக்கம் தொடங்குவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கை சொல்லிவிடும்: பாரமாக இருக்கும், மாலையில் உளையும், மோதிரம் இறுகும், காப்பு வழக்கமான இடத்தைத் தாண்டாது, சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் தடம் பதிக்கும்.

தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்பில் தொடங்கி, மேல்நோக்கி 10, 20, 30, 40 சென்ரிமீற்றரில் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவு எடுங்கள். நாடா தோலில் பட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு கையையும் எடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரே புள்ளியில் இரு கைகளுக்கும் 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால், அல்லது முந்தைய அளவிலிருந்து ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். வேலைசெய்யும் கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த அளவு பொன் போன்றது. இன்னும் சத்திரசிகிச்சை நடக்காதவர் இதை வாசித்தால், இன்றே அளந்து எழுதிவிடுங்கள்.

பெருவிரலால் அரை நிமிடம் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். குழி விழும் வீக்கம் இன்னும் மென்மையானது, எளிதில் வடியும். காலம் போனால் புரதத்தோடு தேங்கிய நீர் கொழுப்பாகவும் தழும்புத் திசுவாகவும் மாறிக் குழி விழாமல் கெட்டியாகும்.

எந்த வீக்கத்துக்கு உடனே ஓட வேண்டும்?

கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது கிருமித்தொற்று. நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நுண்ணுயிர்க்கொல்லி தேவை. தொற்று ஒவ்வொரு முறை வரும்போதும் எஞ்சிய நிணநீர்க்குழாய்களைக் கெடுத்துவிட்டுத்தான் போகிறது. சுகமாகும்வரை வீக்கத்துக்குப் போடும் கட்டும் வேண்டாம், தடவலும் வேண்டாம்.

ஒரே நாளில் கை முழுதும் வீங்கி, நிறம் மாறி, நோவு எடுத்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். தமொக்சிஃபன் என்ற ஹோர்மோன் சிகிச்சைக் குளிசை எடுப்பவர்களும் நெஞ்சில் மருந்தேற்றும் குழாய் வைத்திருந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

நெடுநாள் அமைதியாக இருந்த கை திடீரென்று வீங்கி, கூடவே கமக்கட்டிலோ கழுத்திலோ கட்டி தட்டுப்பட்டால், அல்லது கை பலமிழந்தால், முதலில் புற்றுநோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இயன்மருத்துவம் அதற்குப் பிறகுதான்.

அயலவர்கள் யானைக்கால் நோய் என்கிறார்கள். மற்றவர்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. யானைக்கால் நுளம்பால் பரவும் புழுவால் வருவது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. அது முன்பு பரவியிருந்ததும் மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான்.

இயன்மருத்துவர் வீக்கத்துக்கு என்ன செய்வார்?

முதற்கட்டம் வடிப்பது, இரண்டாம் கட்டம் வடிந்ததை அழுத்தக் கையுறையால் (மணிக்கட்டிலிருந்து மேல்கை வரை இறுக்கமாகப் போடும் உறை) காப்பாற்றுவது.

வடிக்கும் கட்டத்தில் தோல் பராமரிப்பு, நிணநீரை வழிமாற்றும் தடவல், பல அடுக்குக் கட்டு, கட்டுடனேயே செய்யும் பயிற்சி என்று நான்கும் சேர்ந்து நடக்கும். அந்தத் தடவலைப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். "இவ்வளவுதானா?" என்பார்கள். தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடும் அளவுக்குத்தான் அழுத்தம். நிணநீர்க்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழே கிடக்கின்றன. பலமாக அழுத்தினால் அவை நசுங்கும். முதலில் கழுத்தும் மறுபக்கக் கமக்கட்டும், பிறகு நெஞ்சு, கடைசியாகத்தான் கை. வழியைத் திறந்துவிட்டுத் தண்ணீரை அனுப்பும் ஒழுங்கு அது.

உண்மையில் வேலை செய்வது கட்டுத்தான். விரல்களிலிருந்து தொடங்கி, பஞ்சு அடுக்கு வைத்து, குறைவாக மட்டும் இழுபடும் துணிப்பட்டியால் கமக்கட்டு வரை சுற்றுவார்கள். விரல் பக்கம் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பார்மசியில் விற்கும் சுளுக்குக் கட்டான கிரேப் பட்டி இதற்கு உதவாது. அது றப்பர் போல இழுபடுவதால் ஓய்வில் கையை நெரிக்கும், அசையும்போது எதிர்த்து நிற்காது. மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினால் விரல்கள் வீங்குவதுதான் மிச்சம்.

கனடாவில் இருக்கும் மகள் அழுத்தக் கையுறை வாங்கி அனுப்பவா என்று கேட்கிறாள்.

மகளுக்கு நன்றி சொல்லுங்கள், அளவு எடுக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். வீங்கிய கைக்கு அளவெடுத்து வாங்கினால் வடிந்தபின் தளர்ந்துவிடும். வடிந்தபின், பல இடங்களில் அளந்து, அந்த அளவுகளை அனுப்புங்கள். பாதரச மில்லிமீற்றரில் எவ்வளவு அழுத்தம் என்பதையும் இயன்மருத்துவர் எழுதித் தர வேண்டும். 20 முதல் 30 வரை உள்ளது பரவலாகப் பாவிக்கப்படுகிறது. 'வகுப்பு 1', 'வகுப்பு 2' என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஐரோப்பிய அளவும் அமெரிக்க அளவும் குழம்பும். எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கையும் வீங்கும் என்றால், கையுறையோடு விரலடி வரை மூடும் பகுதியும் வேண்டும். இல்லாவிட்டால் நீர் கீழே இறங்கிப் புறங்கையில் குந்திவிடும்.

இரண்டு வாங்குவது நல்லது. ஒன்றைத் தினமும் தோய்க்க வேண்டும், மற்றதைப் போட வேண்டும். காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்றுங்கள். ஆறு மாதம் போல ஆனதும் இழுவை போய்விடும், அதன்பின் அது வெறும் துணி.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதைப் போட்டிருப்பது சிரமம்தான், மறுக்கவில்லை. அபாயாவின் உள்ளே போடுபவர்களுக்கு இன்னும் சிரமம். ஆனால் வெப்பத்தில்தான் வீக்கம் கூடும் என்பதால் அந்த மாதங்களில் கழற்றி வைப்பது நட்டம். கையுறையின் மேல் தண்ணீர் தெளித்து மின்விசிறிக்கு அருகில் இருங்கள், நன்றாகக் குளிரும். வேர்க்குரு வந்தால் சில மணி நேரம் கழற்றித் தோலை ஆறவிடலாம்.

எண்ணெய் பூசி உருவலாமா? ஒத்தணம்? கன்னியா வெந்நீர்?

காயமில்லாத தோலில் தேங்காயெண்ணெய் மெல்லியதாகப் பூசுவது நல்லதே, தோல் வெடிக்காது. இரவில் கையுறையைக் கழற்றியபின் பூசுங்கள். பூசிவிட்டுக் கையுறை போட்டால் அது பழுதாகும். பலமாக உருவுவது, சுடுமணல் ஒத்தணம், அட்டை விடுதல், ஊசியால் குத்தி நீர் எடுத்தல் எதுவும் வேண்டாம். குத்திய துளை ஒவ்வொன்றும் கிருமிக்கு வாசல்.

கன்னியாவில் ஏழு கிணறுகளும் ஏழு வித வெப்பம் என்பார்கள். போங்கள், தலைக்கும் நல்ல பக்கத்துக்கும் ஊற்றுங்கள். வீங்கிய கைக்கு மட்டும் சுடுநீர் வேண்டாம். வெப்பம் அங்கே இரத்தோட்டத்தைக் கூட்டும், வடிவதற்கோ வழி குறைவு.

கடல் நல்லது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, கழுத்தளவு நீரில் நின்று கையை நீருக்கடியில் வீசினால், நீரே கையைச் சுற்றி அழுத்தம் கொடுக்கும். நீந்தினால் இன்னும் நல்லது. முருகைக்கல் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பாரம் தூக்கலாமா? கிணற்றில் அள்ள வேண்டும், இடியப்பம் பிழிய வேண்டும்.

தூக்கலாம், படிப்படியாக. கைவீக்கம் உள்ள பெண்கள் பாரம் தூக்கவே கூடாது என்று வைத்தியர்களும் சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது. 2009இல் அமெரிக்காவில் கத்ரின் ஷ்மிற்ஸ் குழுவினர், ஏற்கெனவே வீக்கம் உள்ள 141 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஓராண்டு வாரம் இரு முறை எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் திடீரென்று மோசமாவதும் குறைவாகவே இருந்தது. அதற்கு முன்பே, 1996இல், கனடாவின் வான்கூவரில் டொன் மக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் கண்ட 24 பெண்களை, பலர் சேர்ந்து வலிக்கும் நீண்ட டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போடவைத்தார். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட பெண்களின் படகுக் குழுக்கள் உண்டு. இப்படியொரு துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு நாம் கையைத் தூக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம்!

வீட்டில் அரைக் கிலோ எடையில், அதாவது அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் தொடங்குங்கள். அடுத்த நாள் பாரமோ வீக்கமோ கூடாவிட்டால் ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை சற்றுக் கூட்டுங்கள். கையுறை இருந்தால் போட்டபடி செய்யுங்கள். கிணற்றில் முதலில் அரை வாளி, கப்பி இருந்தால் நல்லது. இடியப்பம் பிழிவது கடுமையான வேலை, உண்மை. மாவைச் சற்று இளக்கமாகக் குழைத்து, இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி, கையை உயர்த்தி விரல்களை மடக்கி விரியுங்கள். தேங்காய் திருவுவதும் அப்படித்தான். ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, கல்யாண வீட்டில் ஒரே நாளில் நூறு பேருக்குச் சமைக்கப் போவதுதான் கையைக் கெடுக்கும்.

கோயிலுக்குப் போகலாமா? தொழலாமா?

இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? கோணேசர் சந்நிதியில் தலைக்கு மேல் கைகூப்புவது, நான் சுவரில் பழக்க முயலும் அதே அசைவுதான். தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்வதும் சுஜூதில் உள்ளங்கைகள் உடலைத் தாங்குவதும் தோளுக்கு நல்லவை. ஆரம்ப வாரங்களில் சுஜூதில் நெஞ்சு இழுத்தால், கதிரையில் இருந்து தொழுதுவிட்டு, வலி குறையக் குறைய நிலத்துக்கு வாருங்கள். பால்குடமோ காவடியோ முதல் வருடம் வேறு யாராவது எடுக்கட்டும்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ கூடாது என்கிறார்களே?

மறுகை இருக்கும்போது அதைக் கொடுங்கள், அவ்வளவுதான். அவசரத்தில் யாராவது அந்தக் கையில் ஊசி போட்டுவிட்டால் அழ வேண்டாம். பொஸ்ரன் நகரில் 632 பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியோ பிரஷர் பார்ப்பதோ விமானப் பயணமோ கைவீக்கத்தோடு தொடர்புபடவில்லை. தொடர்புபட்டவை அதிக எடை, முழுக் கணு அகற்றல், கணுக்களுக்கான கதிர்வீச்சு, கிருமித்தொற்று ஆகியவைதான்.

மீன் வெட்டுகிறேன், தோட்டம் கொத்துகிறேன். நிறுத்தவா?

நிறுத்த வேண்டாம், றப்பர் கையுறை போடுங்கள். கெளுத்தி முள்ளும் இறால் கொம்பும் எலுமிச்சை முள்ளும் சிறிய குத்துத்தான், தொற்று அங்கிருந்துதான் தொடங்கும். குத்தினால் சவர்க்காரத்தால் கழுவி, கிருமிநாசினி பூசி, இரண்டு நாள் கவனியுங்கள். நுளம்புக் கடியைச் சொறியாதீர்கள். கமக்கட்டு மயிரைச் சவர அலகால் வழிக்காதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள்.

நீர் போகும் குளிசை எடுத்தால் வடியாதா? உப்பைக் குறைக்கவா?

வடியாது. அந்தக் குளிசை நீரை மட்டும் இழுக்கும், புரதம் அங்கேயே இருக்கும். இருதயத்துக்கோ பிரஷருக்கோ தந்திருந்தால் அதற்காக எடுங்கள். உப்புக் குறைப்பது பிரஷருக்கு நல்லது, கைக்கு என்று தனிப் பத்தியம் இல்லை. எடையைக் குறைப்பதுதான் கைக்குச் செய்யும் பத்தியம்.

திருகோணமலையில் யாரிடம் போவது?

மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. உங்கள் சத்திரசிகிச்சை அல்லது புற்றுநோய்க் கிளினிக்கில் ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் இது தவறிப்போகும். "கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லாமல், எது முடியவில்லை என்று சொல்லுங்கள்: தலை வார முடியவில்லை, சட்டைக் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ மட்டக்களப்பிலோ சிகிச்சை பெறுபவர்கள், அங்கே போகிற நாளிலேயே இயன்மருத்துவரையும் பார்க்கக் கேட்கலாம். வீக்கத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தவரா என்றும் விசாரியுங்கள், எல்லா இயன்மருத்துவர்களும் அதில் பயின்றவர்கள் அல்லர்.

மனைவிக்கு நான் என்ன உதவி செய்யலாம்?

கட்டுச் சுற்றப் பழகுங்கள். ஒரு கையால் மறுகைக்குச் சுற்றுவது கடினம், இரண்டு கையுள்ள ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய வரம். மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். மற்றபடி, தேநீர்க் கோப்பையை அவர் கையிலிருந்து பறிக்காதீர்கள்.

ஏழு வருடமாக வீங்கிய கை. இனித் தொடங்கிப் பயன் உண்டா?

உண்டு. புதிய வீக்கம் போல வேகமாக வடியாது. கெட்டியான பகுதி இளகவே பல வாரங்கள் எடுக்கும். பழைய அளவுக்கு முழுதாக வராமலும் போகலாம். ஆனால் பாரம் குறையும், தோள் தளரும், தொற்று வருவது அருகும். வரும்போது கையில் எண்ணெய் பூசாமல், மோதிரத்தையும் காப்பையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, கை முழுதாக உயரக்கூடிய தளர்வான சட்டையோடு வாருங்கள். பழைய டயக்னோசிஸ் கார்டையும் இப்போது எடுக்கும் குளிசைகளையும் கொண்டுவாருங்கள். கட்டுச் சுற்றப் பழகப்போகிறவரையும் கூடவே அழைத்து வாருங்கள்.